நாலில் ஒன்று

கண்டி ஆஸ்பத்திரி
10 மார்ச் 1957

அன்புள்ள அண்ணனுக்கு,

பூரணி எழுதுகிறேன். வடிவு பக்கத்தில் தூங்குகிறாள். நேற்று அவளுக்கு ஒரு போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். சாயங்காலம் தானாக எழுந்து உட்கார்ந்து, "அம்மா, பிஸ்கோத்து வாங்கித் தா" என்றாள். அவள் வாய்விட்டு ஒன்று கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா? நான் வெளியே தாழ்வாரத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இத்தனை நாளாக நாங்கள் கொடுத்த பூச்சி மருந்தும் டொனிக்கும் வீண். இடப்பக்கம் வயிற்றில் கல் மாதிரி இருக்கிறதே, அதை மந்திரித்தது, சூடு போட்டது எல்லாமே வீண். இங்கே ஜெயரத்தினம் என்று ஒரு டாக்டர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். என்னையும் உங்கள் மச்சானையும் உட்காரவைத்துப் பேசினார்.

"நீங்கள் ரெண்டு பேரும் சொந்தமோ?"

"ஆமாங்க. அவங்க என் அத்தை மகன்."

"சாப்பாடு காணாமல் வந்த வருத்தம் இல்லையம்மா இது. பிறக்கேக்கையே வந்த நோய்."

இரத்தத்தைச் சிவப்பாக்குகிற ஒரு புரதம் இருக்கிறதாம். ஹீமோகுளோபின் என்று பெயர். நாம் இழுக்கிற மூச்சை உடம்பெல்லாம் சுமந்துபோவது அதுதானாம். அதை எப்படிச் செய்வது என்று உடம்புக்குச் சொல்லித் தருவதை ஜீன் என்றார். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று, அப்படித்தான் எல்லாருக்கும் வருகிறதாம். "ஒண்டு பிழையெண்டா மற்றது சமாளிச்சுப்போடும். உங்கள் ரெண்டு பேருக்கும் அப்பிடித்தான், அதாலை நடமாடித் திரியிறியள். இந்தப் பிள்ளைக்கு ரெண்டு பக்கத்தாலையும் பிழையானதுதான் வந்திருக்கு" என்றார். எங்களுக்குப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு இப்படி ஆகக்கூடுமாம். மூத்தவன் வீரய்யாவின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அவனுக்கும் எங்களைப் போல ஒன்று பிழை. அதனால் அவனுக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் மச்சான், "மருந்து?" என்று கேட்டார். டாக்டர் பேனாவின் மூடியைப் போட்டு மேசையில் வைத்தார். இரத்தம் ஏற்றலாம், ஏற்ற ஏற்றக் கொஞ்ச காலம் ஓடும் என்றார். அவ்வளவுதான் அண்ணா.

நோயின் பெயர் தலசீமியா. ஏதோ ஒரு பாஷையில் கடல் என்று அர்த்தமாம். தாத்தா கடல் தாண்டி வந்தபோது தகரப் பெட்டியைத் தவிர ஒன்றும் கொண்டுவரவில்லை என்று அப்பா சொல்வாரே. இதுவும் கூட வந்திருக்கிறது.

நீங்கள் வந்து இரத்தம் கொடுத்தால் வடிவுக்கு ஆகும் என்று நினைக்கிறேன். மகள் லெட்சுமியையும் கூட்டி வாருங்கள். தன் தலையை அவள்தான் வாரிவிட வேண்டும் என்று இவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

தங்கச்சி
பூரணி


திம்புள்ள
26 மார்ச் 1957

தங்கச்சி பூரணிக்குச் சோலைமலை எழுதுவது.

உன்னிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்டு வந்தது தப்புத்தான். கோபம் உன் மேல் இல்லை.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய் நின்றேன். "எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்று அந்த நர்ஸ் பிள்ளையிடம் சொன்னேன். விரலில் குத்தி எடுத்துக்கொண்டு போனார்கள். காத்திருந்தேன். உன் டாக்டர் வந்து, "உங்கட இரத்தமும் தங்கச்சியின்ர மாதிரித்தான். உங்களுக்கே காணாது, குடுக்க ஏலாது" என்றார். அங்கே வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் இந்தத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. என் கையின் கீழ் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள். மழை, பனி என்று ஒருநாள் நான் விடிகாலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகாமல் இருந்திருக்கிறேனா? மலையில் என்னோடு ஏற முடியாமல் எனக்கு மேலே இருக்கிற சின்னத்துரையே மூச்சு வாங்கி நிற்பான். என் இரத்தம் என் தங்கச்சி பிள்ளைக்கு ஆகாதாம்.

போகட்டும். லெட்சுமி வடிவை விட்டு வர மனமில்லாமல் வழியெல்லாம் அழுதாள். வடிவு தேறி வருவாள், நம் அம்மன் அப்படி விட்டுவிட மாட்டாள். அடுத்த தை கழிந்ததும் நம் பிள்ளைகள் கல்யாணத்தைப் பேசி முடிப்போம். வீரய்யா எனக்கு மருமகன் மட்டுமில்லை, நான் தூக்கி வளர்த்த பிள்ளை. உன் அண்ணி காளியாயி இப்போதே சட்டி பானை சேர்க்கத் தொடங்கிவிட்டாள்.

சோலைமலை


நோட்டன் பிரிட்ஜ்
2 ஜூன் 1958

அன்புள்ள அண்ணனுக்கு,

வடிவின் காரியத்துக்கு வந்து, எல்லாம் முடியும்வரை இருந்து, என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டீர்கள். அன்றைக்கு உங்கள் தோள் இல்லாவிட்டால் நான் அந்தக் குழியில் விழுந்திருப்பேன். அதை மறந்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுதுவதாக நினைக்காதீர்கள். பலநாள் எழுதிக் கிழித்துப்போட்டதுதான் இது.

லெட்சுமியின் இரத்தத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம் அண்ணா.

வீரய்யாவுக்கு ஒன்று பிழை. உங்களுக்கும் ஒன்று பிழை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்களிடமிருந்து லெட்சுமிக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வரவில்லை என்றால் நானே தாம்பாளத்தோடு வந்து அவளைக் கேட்பேன். வந்திருந்தால் இரண்டு பேருக்கும் வேறு வேறு இடம் பார்ப்போம். வேறு இடத்தில் கட்டினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்கிறார். இவர்கள் இருவரும் சேர்ந்தால்தான் பயம்.

கடைசி மாதங்களில் வடிவு நடப்பதில்லை. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்புவாள். அவள் நெற்றி எலும்பு புடைத்து முகமே மாறிப்போயிருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் அவளைக் கண்டு பயந்து ஓடின. அது அவளுக்குப் புரிந்தது அண்ணா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

லெட்சுமி அப்படி ஒரு பிள்ளையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம்.

பூரணி


திம்புள்ள
15 ஜூன் 1958

பூரணிக்கு,

உன் கடிதத்தைக் காளியாயிக்குப் படித்துக் காட்டினேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

இரத்தம் எடுத்துப் பார்த்த பெண் என்று லயத்தில் ஒரு பேச்சு வந்துவிட்டால் அப்புறம் அவளை யார் கட்டுவான்? நீயும் வேண்டாம் என்பாய், ஊரும் வேண்டாம் என்று சொல்லும். பெண்ணைப் பெற்றவன் நான். உனக்கு இருந்த ஒரு பெண்ணும் போய்விட்டாள், அதனால் என் பெண்ணின் பெயர் கெட்டால் உனக்கு என்ன?

இப்படி எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மாட்டேன்.

குடியுரிமை கேட்டால், அரசாங்கக் கச்சேரிக்காரனுக்கு நான் இந்த நாட்டான் என்று காட்ட என் தகப்பன் பிறந்ததற்குக் காகிதம் வேண்டுமாம். காகிதம் இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டான். உன் டாக்டருக்கு ஒரு சொட்டு இரத்தம் போதும், என் பாட்டன் வரைக்கும் குற்றம் சொல்லிவிடுகிறான். ஒருத்தன் எனக்கு வம்சமே இல்லை என்கிறான். இன்னொருத்தன் என் வம்சமே சரியில்லை என்கிறான். நீயும் அவர்களோடு சேர்ந்துகொண்டாய்.

நாலில் ஒன்று என்கிறாயே, மீதி மூன்று நல்லதுதானே? அது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா?

லெட்சுமிக்குத் தலவாக்கலையில் இடம் பார்க்கிறேன். இனி எனக்கு எழுதாதே.

சோலைமலை


நோட்டன் பிரிட்ஜ்
8 நவம்பர் 1960

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் எழுதாமல்தான் இருந்தேன். இப்போது பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த தலவாக்கலை மாப்பிள்ளையை லெட்சுமி வேண்டாம் என்றுவிட்டாளாம். அதற்கு முந்திப் பார்த்த இடத்தையும் அப்படியே. வீரய்யா கொட்டகலையில் ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக்கு வந்தால் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் இருவரும் கொட்டகலை ஸ்டேசனில் சந்திப்பது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

போய் இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேட்டேன். "டேய், எல்லாம் தெரிஞ்சுதானா?"

"தெரிஞ்சுதாம்மா. அவ இல்லாம எனக்கு வேற யாரும் வேணாம்."

லெட்சுமியிடம், "உங்கப்பாவுக்குத் தெரியாம நாம ரெண்டு பேரும் கண்டிக்குப் போய் ரத்தத்தப் பார்த்துட்டு வந்துருவோம்மா" என்றேன். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "வேணாம் அத்தை. இருக்குன்னு சொல்லிட்டா நான் அவங்கள விட்டுப் போகணும். போக என்னால முடியாது. பார்க்காம இருந்தா சாமி மேல பாரத்தப் போட்டுட்டு வாழ்ந்துருவேன்" என்றாள்.

சரி என்றுவிட்டேன். ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தேன். இருக்கிற பிள்ளையைப் பிடிவாதத்துக்குக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. உங்கள் மச்சானும், "கட்டி வச்சிரு பூரணி, மூணு பங்கு நமக்குச் சாதகம்" என்கிறார். நீங்கள் எழுதிய அதே கணக்கு.

தை பிறந்ததும் பெண் கேட்டுத் தாம்பாளத்தோடு வருகிறோம். பழையதைப் பேச மாட்டேன். இரத்தத்தைப் பற்றியும் பேச மாட்டேன்.

பூரணி


திம்புள்ள
19 பெப்ரவரி 1962

என் அன்புத் தங்கச்சிக்கு,

பேரன்! நமக்குப் பேரன்! தந்தி கிடைத்திருக்கும், ஆனால் தந்தியில் என்ன எழுத முடியும்? கையும் காலும் உருண்டு திரண்டு, செம்பருத்திப் பூ நிறத்தில் கிடக்கிறான். அழுதால் மேல் லயம் வரைக்கும் கேட்கிறது. மருத்துவச்சி, "கணக்கப்பிள்ளைய்யா, இவன் பெரட்டுல நின்னு சத்தம் போடப் பொறந்தவன்" என்கிறாள். அழகன் என்று பெயர் வைக்கலாம் என்று வீரய்யா சொல்கிறான். எனக்குச் சம்மதம்.

நாலு வருஷமாக என் நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, காளியாயியிடம்கூட. பிள்ளையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் இறங்கியது. லயத்தில் எல்லாருக்கும் சீனி கொடுத்தேன். உன் யாழ்ப்பாணத்து டாக்டரைப் பார்த்தால் சொல்லு, சோலைமலையின் பேரன் எப்படி இருக்கிறான் என்று.

பஸ்ஸில் இடம் கிடைக்கிற முதல் நாளே புறப்பட்டு வா.

அண்ணன்
சோலைமலை


நோட்டன் பிரிட்ஜ்
27 பெப்ரவரி 1962

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் எழுத்தே குதிக்கிறது. படிக்கப் படிக்க எனக்கு அத்தனை சந்தோஷம்.

அடுத்த வாரம் வருகிறேன். லெட்சுமியைக் குளிரில் வேலைக்கு அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம். பேரனுக்கு அரையில் கட்டுகிற வெள்ளிக் கொடி இப்போது வேண்டாம் அண்ணா. ஆறு மாதம் முடியட்டும். அப்போது நான் பெரிதாகச் செய்கிறேன்.

பூரணி


திம்புள்ள
3 செப்டெம்பர் 1962

தங்கச்சி,

பிள்ளை வெளுக்கிறான்.

முதலில் பனி என்று நினைத்தேன். பிறகு பல் முளைக்கிறது என்றார்கள். நேற்று லெட்சுமி குளிக்கப் போயிருந்தபோது அவன் கண்ணின் கீழ் இமையைப் பிதுக்கிப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை. கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. வடிவுக்கு நீ அப்படிப் பிதுக்கிக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

லெட்சுமியிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் மலைக்குப் போய்விடுகிறேன்.

ஆறு மாதம் முடியட்டும் என்று எழுதினாயே. அப்போதே உனக்குத் தெரியுமா?

சோலைமலை


கண்டி ஆஸ்பத்திரி
20 செப்டெம்பர் 1962

அன்புள்ள அண்ணனுக்கு,

இரத்தம் ஏற்றிவிட்டார்கள். அழகன் பால் குடிக்கிறான், சிரிக்கிறான். லெட்சுமி அவனை மடியை விட்டு இறக்குவதில்லை. டாக்டர் ஜெயரத்தினம் கொழும்புக்கு மாறிப் போய்விட்டார். இப்போது ஒரு சிங்கள டாக்டரம்மா இருக்கிறார். தமிழ் கொஞ்சம்தான் வரும். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய வேலை இருக்கவில்லை. நான்தான் லெட்சுமிக்கும் வீரய்யாவுக்கும் எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும் வீரய்யா எழுந்து தாழ்வாரத்தின் கடைசிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். எனக்குத் தெரியாது. பயம் மட்டும் இருந்தது. வடிவு சின்னதில் சிவப்பாகத்தானே இருந்தாள் என்று நான் முன்பு ஜெயரத்தினம் ஐயாவிடம் கேட்டேன். வயிற்றில் இருக்கும்போது பிள்ளைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் ஓடுமாம். அதைச் செய்யச் சொல்லும் ஜீனும் வேறாம். அது நம் பிள்ளைகளுக்கு நல்லபடியாகவே இருக்கிறது. பிறந்து ஐந்தாறு மாதத்தில் அது குறைந்து பெரியவர்களுடைய வகை தொடங்க வேண்டும். தொடங்கவேண்டிய இடத்தில்தான் ஒன்றும் இருக்காதாம். அதனால்தான் பிறந்தபோது பார்த்து எதுவும் சொல்ல முடியாது. நீங்கள் அத்தனை சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள். அந்த ஆறு மாதத்தை உங்களிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

என் வாக்குப் பலித்துவிட்டது என்று காளியாயி அண்ணி சொன்னாராம். அவரிடம் சொல்லுங்கள். நான் சொன்னது பொய்யாகப் போக வேண்டும் என்று நேராத சாமியில்லை. கல்யாணத்தன்று தாலி ஏறும்போதும் நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் போலத் தோற்றுப்போக ஆசைப்பட்டவள் இந்த மலையில் இருக்க மாட்டாள்.

அடிக்கடி இரத்தம் வேண்டியிருக்கும். இங்கே எப்போதும் கிடைப்பதில்லை. நம்மில் யாரும் கொடுக்க முடியாது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

பூரணி


திம்புள்ள
11 ஒக்டோபர் 1962

பூரணிக்கு,

இதைக் கொண்டுவரும் ஆள் பெயர் சிவசாமி. என் கையின் கீழ் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவனோடு இன்னும் சில பேர் வருகிறார்கள். எல்லாரும் அழகனுக்கு இரத்தம் கொடுக்க வருகிறவர்கள். டாக்டரம்மாவிடம் கூட்டிப் போ.

நேற்றுப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு, கலையாமல் நில்லுங்கள் என்றேன். என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துபோயிற்று. "எங்க குடும்பத்து ரத்தத்துல குறை இருக்கு. என்கிட்ட இருந்துதான் என் பேரனுக்குப் போயிருக்கு. நாங்க குடுக்க முடியாது. நீங்க குடுத்தா அவன் கொஞ்ச நாள் இருப்பான்" என்றேன். முதலில் இந்தச் சிவசாமி கொக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எப்ப வரணும் அய்யா?" என்றான். போன மாதம்தான் அவனுக்குப் பாதிக் கூலிதான் என்று அரைப்பேர் போட்டுத் திட்டினேன்.

எந்தப் பேச்சுக்குப் பயந்து என் பெண்ணின் இரத்தத்தைப் பார்க்க விடவில்லையோ, அதை நானே எல்லார் முன்பாகவும் சொல்லிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை தங்கச்சி. யாரும் சிரிக்கவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம்.

நான் வரவில்லை. லெட்சுமி முகத்தைப் பார்க்க முடியாது.

சோலைமலை


நோட்டன் பிரிட்ஜ்
30 ஜூலை 1964

அன்புள்ள அண்ணனுக்கு,

திங்கட்கிழமை அழகனைப் புதைத்தோம்.

உங்கள் ஆட்கள் கொடுத்த இரத்தத்தில் பிள்ளை நடக்கவும் பேசவும் பார்த்துவிட்டோம். கடைசிவரைக்கும் யாராவது வந்துகொண்டேதான் இருந்தார்கள். கடைசி முறை ஏற்றியது உடம்பில் நிற்கவில்லை. இருதயம் வீங்கிப்போயிற்று என்றார் டாக்டரம்மா. அவரும் எங்களோடு சேர்ந்து அழுதார். ஞாயிற்றுக்கிழமை அழகன் லெட்சுமியிடம், "அம்மா, என்னத் தூக்கு" என்றான். அவள் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வார்டுக்குள்ளேயே நடந்தாள். நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகும் அவள் நடந்துகொண்டே இருந்தாள். யாரும் தடுக்கவில்லை.

உங்களைக் காடு வரைக்கும் காணவில்லை என்று எல்லாரும் பேசினார்கள். நானும் உங்கள் மேல் வருத்தப்பட்டேன். ராத்திரி உங்கள் மச்சான் என்னிடம் மட்டும் சொன்னார். புதைக்கும்போது மேலே தேயிலைக்குள் ஒருவர் குடை இல்லாமல் மழையில் நின்றாராம். மண் தள்ளி முடிந்ததும் திரும்பி நடந்துவிட்டாராம். கூப்பிடாமல் விட்டுவிட்டேன் என்கிறார்.

வீரய்யா கொட்டகலைக்குத் திரும்பிவிட்டான். லெட்சுமியை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவர்களுக்குள் கோபம் ஒன்றும் இல்லை. ஒருவரைப் பார்த்தால் மற்றவருக்குப் பிள்ளை ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். போகும்போது அவன் என்னிடம், "இன்னொரு பிள்ளை வேணாம்மா, அவளும் அதத்தான் சொல்றா" என்றான். இருபத்தைந்து வயது அவனுக்கு.

லெட்சுமி அழவில்லை அண்ணா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அடுப்பு மூட்டுகிறாள், தண்ணீர் எடுக்கிறாள், பால் கட்டிய நாள் மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் அழட்டும் என்று நான் அழுது காட்டினேன். அதற்கும் அசையவில்லை. இன்று காலை மட்டும் என்னிடம், "எங்கப்பா ஏன் அத்தை வரல? என் மேல கோவமா?" என்று கேட்டாள்.

அவள் மேல் உங்களுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இரத்தம் பார்க்க வேண்டாம் என்று சொன்னது தான்தானே என்கிறாள். நீங்கள் அங்கே உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சம்மதம் சொன்னவள் நான் என்று நான் இங்கே கிடக்கிறேன். குற்றத்தை ஏற்க இத்தனை பேர் இருக்கிறோம். அவளைக் கட்டிக்கொண்டு அழத்தான் ஆள் இல்லை.

ஒன்றும் பேச வேண்டாம். நேராக உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

வந்துருங்கண்ணே.

பூரணி